மைக்கில் போன பேச்சு

எங்கள் மெல்லிசைக் குழு மேடையில் வாசித்த நேரத்தைவிட மேடைக்குத் தயாரான நேரம்தான் அதிகம். காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு, அரக்கோணம் என்று பஸ் கூரையில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய எழுபதுகளை நினைத்தால், பாடிய பாட்டுகளுக்கு முன்னால் அந்தப் பிற்பகல்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இன்றைக்கும் எங்காவது ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று கேட்டால் கால் தானாக நின்றுவிடுகிறது. அந்த நாட்களுக்காக எனக்கு ஏக்கம் உண்டு, அதைச் சொல்ல வெட்கமில்லை.

நான் டிரம் வாசித்தேன், மற்ற நாட்களில் தறி நெய்தேன். தறி மிதித்த காலுக்கு டிரம்மின் பெடலை மிதிக்கத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மேடை என்பது பெரும்பாலும் பெஞ்சுகளின் மேல் போட்ட பலகை. மிதிக்க மிதிக்கப் பெரிய டிரம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். அதனால் அதற்கு முன்னால் ஒரு கட்டையை வைத்து ஆணி அடிப்பதுதான் என் முதல் வேலை. கிட்டார்காரர் தன் கிட்டாரை அக்கார்டியனுக்கு ஏற்பச் சுருதி சேர்த்துக்கொண்டிருப்பார். அக்கார்டியனின் சுருதியை மாற்ற முடியாது, மற்றவர்கள்தான் அதற்கு வளைந்துகொடுக்க வேண்டும். அதை வாசித்த எங்கள் தலைவரும் அப்படிப்பட்டவர்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் குழாய் பார்ப்பது. திருவிழா என்றால் மைக்செட்காரர் நாலு தெருக்களில் கம்பத்துக்குக் கம்பம் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார். எல்லாம் கேட்கிறதா என்று சைக்கிளில் தெருத்தெருவாகப் போய்ப் பார்ப்பார். அவர் திரும்பி வரும்வரை மேடையில் யாராவது மைக்கில் சத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு என்னுடையது.

ஒரு திருவிழாவுக்குச் சொந்த ஊரிலேயே கச்சேரி அமைந்தது. எங்கள் பழைய பாடகி கல்யாணமாகிப் போய்விட்டதால், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அன்றுதான் முதல் முறை மேடை ஏறவிருந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண், பத்தொன்பது வயதிருக்கும். தலைவரின் மனைவி தையல் சொல்லிக்கொடுப்பவர். தையலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு அவர் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் பாடிப் பழகினாள். ஒரு பொத்தான்கூட அவளுக்குத் தைக்க வராது. அவள் அப்பாவை எனக்குத் தெரியும், அதிகம் பேசாத மனிதர். விஷயம் தெரிந்தால் காலை ஒடித்துவிடுவார் என்று அவரைக் கேட்காமல் நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம்.

அன்று மைக்கை டிரம் பக்கத்தில் இழுத்து வைத்துத் தட்டிக்கொண்டிருந்தேன். கை ஓய்ந்து நிறுத்தியபோது, வாயில் கற்கண்டை அடக்கிக்கொண்டிருந்த அந்தப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணா, பயமா இருக்குது. நான் தையல் கத்துக்கினு இருக்கேன்னுதான் அப்பா இன்னும் நெனச்சிக்கினு இருக்காரு. ஓடிப்போய் சொல்லிட்டு வந்துரட்டுமா?”

“இப்ப போய் சொன்னா உன்ன விடுவாரா? மொதல்ல பாடிடும்மா. ஊரே நல்லா இருக்குதுன்னு சொன்னப்புறம் அவரால என்னா பண்ண முடியும்? நாளைக்கு சொல்லிக்கலாம்.”

சொன்னது எனக்கே பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. அதற்குள் மைக்செட்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“யோவ், மைக் ஆன்லயே இருக்குதுய்யா. நீங்க பேசுனத நாலு தெருவும் கேட்டுக்கினு இருக்குது.”

அந்த நாலு தெருக்களில் ஒன்று அவள் தெரு. பத்து நிமிஷத்தில் அவள் அப்பா வந்து நின்றார். சட்டைகூடப் போடாமல், தோளில் துண்டோடு, தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். அடித்துவிடுவாரோ என்று நான் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவர் என்னைக் கண்டுகொள்ளாமல் அவளைப் பார்த்தார்.

“கேட்டிருந்தா வேணாம்னுதாம்மா சொல்லியிருப்பேன்,” என்றார். “ஆனா நீ கேட்டிருக்கலாம்.”

அவ்வளவுதான், திரும்பி நடந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு வசவு வைதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் அழுதாள். தலைவர் பெண் குரல் பாட்டுகளை ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் பட்டியலை மாற்றி எழுதத் தொடங்கினார். மூன்று மாத உழைப்பு என் வாயால் போயிற்றே என்று நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். மைக்செட்காரர் மைக்கை அணைக்கப் போனபோது அவள் எழுந்து தடுத்தாள்.

“எங்க தெரு குழாய் நல்லா கேக்குதாண்ணா?”

“அதான் இருக்கறதுலயே நல்லா கேக்குது.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் நின்றாள்.

“அப்பா, நான் தையல் கத்துக்கலப்பா. பாட்டுதான் கத்துக்கினேன். இன்னிக்கு பாடட்டுமா?”

குழாயில் கேள்வி போகும், பதில் வராது. நாங்கள் எல்லோரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஜனங்கள் பாய் விரித்து இடம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர் நாலைந்து தடவை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மைக்கை விட்டு நகரவில்லை.

வெளிச்சம் இறங்கும் நேரத்தில் அவள் அம்மா மட்டும் வேகவேகமாக நடந்து வந்தார். மேடைக்குக் கீழே நின்று மூச்சு வாங்கினார்.

“அவரு இங்க வரமாட்டாராம். குழாய்க்கு நேரா ஸ்டூல போட்டு ஒக்காந்துக்கினு இருக்காரு. இன்னும் ஏன் ஆரம்பிக்கலன்னு கேக்குறாரு.”

தலைவர் கையைத் தூக்கினார். நான்தான் முதல் அடி கொடுக்க வேண்டும். கண் கலங்கி டிரம்மே தெரியவில்லை. குத்துமதிப்பாக அடித்தேன்.