கோதுமைப் போரும் வண்டி வார்னிஷும்

என் அண்ணன் அன்செல்மின் பெண்டாட்டியை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லியொகாடி என்று பெயர். பன்றிக்குத் தவிடு வைக்கச் சொன்னால் தவிட்டின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தக் கோடையில் எங்கள் மாடி அறைக்கு பாரிஸிலிருந்து மதாம் தெல்போ என்ற ஓவியக்காரி குடிவந்தாள். வந்தது சனியன். லியொகாடிக்குப் படம் வரையக் கற்றுக்கொடுத்தாள். கறுப்பைத் தொடவே கூடாதாம். நிழல் என்றால் நீலமும் ஊதாவுமாம். வண்ணங்களைக் குழைக்காமல் பக்கத்தில் பக்கத்தில் அப்ப வேண்டுமாம். வெயில் நகர்ந்தால் நிறுத்திவிட்டு, மறுநாள் அதே வெளிச்சத்துக்குத் திரும்பி வர வேண்டுமாம். விடிந்ததும் லியொகாடி ஆற்றோர வயலில் குவித்து வைத்த கோதுமைப் போர்களுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவாள். பால் கறப்பது என் தலையில்.

"என்னடி ஒனோரின், உன் அண்ணி போருக்கு ஊதாப் பாவாடை கட்டிவிட்டிருக்காளாமே!" என்று துணி துவைக்கும் துறையில் என்னைப் பிடித்துச் சிரித்தார்கள்.

அண்ணனுக்கு மானம் போயிற்று. அவன் குதிரை வண்டிகளுக்கு வர்ணம் அடிக்கிறவன். பூசி, தேய்த்து, மறுபடி பூசி, கடைசியில் வார்னிஷ் அடித்தானென்றால் கதவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். தூரிகை போன தடம் தெரிந்தால் அவனுக்கு அது வேலையே இல்லை. இவள் படத்திலோ தடத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"என்ன இது, கோழி கிளறின மாதிரி?"

"தள்ளி நின்னு பாரு."

"எவ்வளவு தள்ளி? பாரிஸ் வரைக்குமா?"

"பாரிஸுக்குத்தான் போகுது. கண்காட்சியில மாட்டுறேன்னு மதாம் சொல்லியிருக்காங்க. உன் வாயைப் பாத்துக்கிட்டு இங்கேயே கிடக்கணுமா?"

அவளுக்கு வேண்டியதெல்லாம் அதுதான். தன் படம் ஒன்று பாரிஸில் ஒரு சுவரில் தொங்க வேண்டும்.

மதாம் கிளம்பும் காலையில் படத்தை எடுக்கப் போனால் அது பளபளவென்று மின்னியது. அண்ணன் வண்டி வார்னிஷை ஒரு கை அடித்திருக்கிறான். ஈர வர்ணம் இழுபட்டு, படத்திலிருந்த காலை வெயில் முழுக்க ஊசிப்போன குழம்பு நிறத்தில் வழிந்து கிடந்தது.

"அரைகுறை வேலை எதுவும் என் வீட்டை விட்டுப் போகாது. முடிச்சுக் கொடுத்திருக்கேன்" என்றான். அந்தத் திமிர் எனக்கே எரிச்சலாக இருந்தது.

"பாவி, உன் கை விளங்குமா?" என்று கத்தினாள் லியொகாடி.

"நாங்க வார்னிஷே அடிக்கிறதில்லையே. இதை எப்படி மாட்டுறது?" என்றாள் மதாம்.

மறுபடி வரையப் போர்களும் இல்லை. கதிரடிக்கும் இயந்திரம் வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டிருந்தது. லியொகாடி மதாமிடம் படம் வரையும் புதுத் துணி ஒன்றைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு அறுத்த கதிரின் அடித்தாள் மட்டும் நின்ற வயலுக்கு ஓடினாள். அண்ணன் விடவில்லை. பின்னாலேயே போய் வயலின் நடுவில், அவள் பார்வைக்கு நேரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"இப்ப வரைடி, பாக்கலாம்!"

"அப்படியே நில்லு. நகர்ந்தே, கொன்னுடுவேன்" என்றாள்.

வேடிக்கை பார்க்க நானும் போனேன். மதாமை ரயிலுக்கு ஏற்றிப்போகும் வண்டி வந்து காத்துக் கிடந்தது. லியொகாடியின் கை நிற்கவே இல்லை. கடைசியில் படத்தை ஈரத்தோடு பெட்டியில் செருகி மதாம் எடுத்துப் போய்விட்டாள். அண்ணன் வார்னிஷ் டப்பாவோடு கிட்டே போகக்கூட வழியில்லை.

ராத்திரி சூப்பை அவன் தொடவில்லை.

"ஒனோரின், நீ பாத்தியே. அதுல நான் எப்படி இருந்தேன்?"

"வயல் நல்லா இருந்துச்சு அண்ணே. சொல்லக் கூடாது, அவ்வளவு நல்லா இருந்துச்சு. நடுவுல ஊதாவா ஒரு தீற்று. அதுதான் நீ."

"முகம்?"

"முகமெல்லாம் இல்ல. அந்த வண்டிக்காரன் 'வேலிக்கட்டையா?'ன்னு கேட்டான்."

லியொகாடி ரொட்டியைச் சூப்பில் நனைத்து நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். "ஆமான்னுதான் சொன்னேன்" என்றாள்.