அப்பா குறை சொன்ன எண்ணெய்

புக்கிட் செந்தோசாவில் ஒரு பட்டறை. மகளின் டர்போ காருக்கு எண்ணெய் மாற்றப் போயிருந்தோம். புதுப் போத்தலின் மூடியைத் திருகியதும் எழுந்தது அந்த வாசனை. கொஞ்சம் கசப்பு, கொஞ்சம் இனிப்பு, முதல் தூறல் விழுந்த தார்ச்சாலை. அவ்வளவுதான், நான் அங்கே இல்லை. ஜெராம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வீட்டு வாசலில், பத்து வயதுப் பாவாடையோடு நிற்கிறேன்.

எதிரே ஒரு சிவப்புக் கார். அக்காவைப் பெண் பார்க்க வந்தவருடையது. கிள்ளானில் சொந்தப் பட்டறை. வேகத்துக்கென்றே டர்போ பூட்டிய கார். அது உறுமி நின்றபோது லயமே வெளியே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. அக்காவுக்கு மட்டும் அழுது வீங்கிய கண். பள்ளியில் படிவம் ஆறுக்குப் போக வேண்டுமென்று காலையில் குளியலறைப் பக்கம் அப்பாவிடம் அவள் கெஞ்சியதைக் கேட்டிருந்தேன். படிப்புக்குப் போய் யாராவது அழுவார்களா! எனக்கு அந்தக் காரில் ஒரு சுற்று போனால் போதும்.

அப்பா தோட்டத்து டிராக்டர் ஓட்டுநர். காப்பியைக் குடித்துவிட்டு நேரே காரிடம் போனார். பானெட்டைத் திறக்கச் சொல்லி, எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினார். நுனியில் தேன் மாதிரி மின்னியது. விரலில் தேய்த்தார், முகர்ந்தார், முகத்தைச் சுளித்தார்.

"என்ன தம்பி, ஆயில் தண்ணியா இருக்கு? இந்த வேகத்துக்குக் கெட்டியா ஊத்த வேணாமா?"

"டர்போ இல்லீங்களா மாமா. ஸ்டார்ட் பண்ண உடனே ஆயில் அங்க போய்ச் சேரணும். கெட்டியா இருந்தா லேட்டாகும். இது சிந்தெட்டிக், சூட்டுலயும் நிக்கும்."

"டர்போவோ கிர்போவோ! ஆயில் ஊத்தத் தெரியாதவருக்கு நான் எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

வாசலே சிரித்தது. "டிராக்டர்னு நெனச்சிட்டாரு லா!" என்றார் பக்கத்து வீட்டு மாமா. எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, மேனேஜரோட டர்போ காருக்கு நீங்கதானே தண்ணியா ஊத்தச் சொன்னீங்க? போன வாரம்!"

அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. மூக்கெல்லாம் அந்த வாசனை.

வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்பாவைப் பார்த்தார். ஜன்னலில் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்து நின்ற அக்காவைப் பார்த்தார். பிறகு பானெட்டை மெதுவாக மூடினார்.

தோட்டத்தை விட்டு வரும்வரை அப்பாவுக்கு 'ஆயில் மாமனார்' என்றே பெயர். அக்காவைப் பற்றி மட்டும் யாரும் தப்பாக ஒரு சொல் சொன்னதில்லை. கார் சவாரி கைநழுவிப் போன கோபத்தில் நான் இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. எண்ணெயில் தொடங்கிய பேச்சு ஏன் அப்படிப் போய் முடிந்தது என்பதும் அன்று எனக்கு விளங்கவில்லை.

அன்று கிளம்பும்போது சிவப்புக் காரின் எஞ்சின் உறுமத் தொடங்கியது. அவர் கண்ணாடியை இறக்கி அப்பாவைப் பார்த்தார். இப்போது 'மாமா' என்று கூப்பிடவில்லை.

"ஆயில மாத்திடுறேன் ஐயா," என்றார். "நீங்க அவங்கள படிக்க வைங்க."