மூக்கடைப்பு மாத்திரை

தென்காசித் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் நான் கம்பவுண்டராக இருந்தேன். தேர்வெழுதித் தேறியவன், இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற மிதப்பு எனக்கு நிறையவே உண்டு. சாரல் காலத்தில் கடையில் நிற்க இடம் இருக்காது. குற்றாலத்து அருவியில் மணிக்கணக்காகத் தலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்கு அடைத்திருக்கும். பம்பாயிலிருந்து வந்த ஒரு வெள்ளை மாத்திரையைக் கொடுப்போம். அரை மணி நேரத்தில் மூக்கு திறந்துவிடும். டாக்டர் சீட்டெல்லாம் கேட்பதில்லை.

அந்த வருஷம் என் அண்ணன் மனைவிக்கும் ஜலதோஷம் பிடித்தது. நான் அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். மதினிக்குப் பெரிய உடம்பு. ஆவணியில் அவள் தங்கைக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டுப் பெண் ஒருத்தி மதினியின் உடம்பைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தது அவள் காதில் விழுந்திருந்தது. நான் கொடுத்த மாத்திரையில் சளி விட்டது. கூடவே பசியும் விட்டது. அதை அவள் கவனித்துக்கொண்டாள்.

சளி போன பிறகும் மாத்திரை கேட்டாள். எதற்கென்று எனக்குத் தெரியும். தும்மலுக்குக் கொடுக்கிற மாத்திரைதானே என்று வாரத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பாடு குறைந்ததால் வந்த சோர்வுக்குக் கடுங்காப்பியாகக் குடித்தாள். தூக்கம் இல்லை, விரல் நடுங்குகிறது என்று அண்ணனிடம் சொல்லியிருக்கிறாள். கல்யாண வேலை அலைச்சல் என்று அவனும் விட்டுவிட்டான்.

ஒருநாள் காலை கிணற்றில் தண்ணீர் இறைத்தவள் அப்படியே துவைகல்லில் சரிந்தாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். நாடி எண்ண முடியாத ஓட்டமாக ஓடியது. வண்டி கட்டி டாக்டரிடம் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டார். நான்தான் சொன்னேன்.

“புட்டியோட ஒரு தாள் இருக்குமே, வாசிச்சீரா?” என்றார்.

இல்லை என்றேன்.

அதில் இருப்பது எபிட்ரின் என்று விளக்கினார். மூக்கிலுள்ள ரத்தக் குழாயைச் சுருக்குகிற மருந்து மூக்கோடு நிற்பதில்லை. உடம்பு முழுக்க அதே வேலையைச் செய்யும். ரத்தக் கொதிப்பு ஏறும், நெஞ்சு ஓடும், பசியும் தூக்கமும் போகும். காப்பி அதற்கு இன்னும் வேகம் கொடுக்கும். இரண்டையும் உடனே நிறுத்தச் சொன்னார். நாலைந்து நாளில் நாடி நிதானத்துக்கு வந்தது.

மதினி என்னைத் திட்டவில்லை. கஞ்சி கொண்டுபோய் வைத்தபோது ஒன்றே ஒன்று கேட்டாள்: “எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்க படிச்சவிய. நீங்க ஏன் அதை வாசிக்கல?”

மறுநாள் கடையில் உட்கார்ந்து அந்தத் தாளை வரி விடாமல் வாசித்தேன். நெஞ்சுக் கோளாறு, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் சாப்பிடக் கூடாது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைத் தமிழில் எழுதிப் புட்டிக்குப் புட்டி ஒட்டினேன். முதலாளிக்குக் கோபம். இப்படி மிரட்டினால் யார் வாங்குவார்கள் என்றார். “உடம்புக்கு என்ன கோளாறுன்னு கேக்காம இனி யாருக்கும் குடுக்க மாட்டேன், அண்ணாச்சி. வேற ஆளை வச்சுக்கிடுங்க” என்றேன். அவர் வேறு ஆளைத் தேடவில்லை.

சீசனுக்கு வந்த ஒரு பருத்த வக்கீல் முழுப் புட்டி கேட்டார். விசாரித்ததில் ரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. மறுத்தேன். கம்பவுண்டருக்கு இவ்வளவு வாயா என்று ஏசிவிட்டு எதிர்க் கடைக்குப் போனார். அப்புறம் அவரை நான் பார்க்கவில்லை. அதே கேள்விகளைக் கேட்டதால் ஒரு வடகரைப் பெண் தான் மூன்று மாதக் கர்ப்பம் என்று சொன்னாள். அவளை ஆவி பிடிக்கச் சொல்லி அனுப்பினேன். நான் செய்தது சரி என்பதில் அன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை.

தங்கை கல்யாணத்துக்கு மதினி ரவிக்கையைப் பிரித்து அகலமாகத் தைத்துக்கொண்டு போனாள். அந்தச் சம்பந்தி வீட்டுப் பெண்ணுக்குப் பக்கத்திலேயே பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.