ஊருக்கெல்லாம் கொடுத்த குறிப்புகள்

பத்தாம் வகுப்பில் எனக்கு வாய்த்த விவாத ஜோடியைப் போல ஒரு கிறுக்கை அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. மட்டாஞ்சேரி வாசகசாலையில் மற்றப் பள்ளிக்காரர்கள் தங்களுக்கு வேண்டிய பத்திரிகைச் செய்தியைப் படித்து முடித்ததும், அடுத்தவருக்குக் கிடைக்கக் கூடாதென்று பிளேடால் அறுத்து எடுத்துப் போய்விடுவார்கள். இவளோ நாங்கள் நாயாய் அலைந்து சேர்த்ததையெல்லாம் கார்பன் வைத்துப் படியெடுத்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அதே வாசகசாலை மேசையில் வைத்துவிட்டு வருவாள். கேட்டால், எல்லாரும் ஒரே விஷயத்தைப் படித்துவிட்டு வந்தால்தானே யார் நன்றாக வாதாடுகிறார்கள் என்று தெரியும் என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் கப்பு வேண்டும். அவ்வளவுதான்.

அந்த வருஷத் தலைப்பு, மூட்டை ஏற்றி இறக்க இயந்திரம் வரலாமா, கூடாதா. கடைத்தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அவளுடைய அத்தா மிளகுக் கிடங்கில் சுமட்டுத் தொழிலாளி. வருஷக்கணக்காக மூட்டை சுமந்து கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றுவிட்ட மனிதர். வெளியே மலையாளம், வீட்டில் எங்களைப் போலத் தமிழ். நாங்கள் கேட்டதற்குச் சாயாவை ஆற்றிக்கொண்டே யோசித்துச் சொன்னார்.

"மெஷின் வந்தா என் கழுத்து தப்பிக்கும் மோளே. ஆனா கூட நிக்கிற ஆளுக வீட்டுக்குப் போகணும். அப்ப எனக்கு அது வேணாம். ரெண்டையும் சேர்த்து எழுதிக்கோ. பாதி மட்டும் வெளிய போச்சுன்னா யூனியன்ல நான் மூஞ்சி காட்ட முடியாது."

சேர்த்துத்தான் எழுதினாள். சேர்த்துத்தான் மேசையிலும் வைத்தாள். ஆனால் விவாதக்காரர்களான எங்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பக்கம் பேசவேண்டும் என்பது மேடையில் சீட்டு எடுக்கும்போதுதான் தெரியும். அதனால் கையில் எது கிடைத்தாலும், சாதகத்தை ஒரு தாளிலும் பாதகத்தை இன்னொரு தாளிலுமாக முதலில் பிரித்துவிடுவோம். மேசையிலிருந்து எங்கள் குறிப்பை எடுத்துப்போன தேவரா பள்ளிக்காரர்களும் அதையே செய்தார்கள். அத்தாவின் கழுத்து ஒரு தாளுக்குப் போனது, கூட்டாளிகள் இன்னொரு தாளுக்குப் போனார்கள்.

இறுதிப்போட்டி எங்கள் பள்ளி மண்டபத்தில் நடந்தது. மகள் பேசுவதைக் கேட்க அத்தா கூட வேலை செய்கிறவர்களையும் கூட்டிக்கொண்டு வந்து பின்னால் நின்றார். சீட்டில் எங்களுக்குக் 'கூடாது' வந்தது, தேவராவுக்கு 'வரலாம்'. அவர்கள் அணிப் பெண் நல்ல மலையாளத்தில் விளாசித் தள்ளினாள். கடைசியில், மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை சுமந்து கழுத்து சாய்ந்துபோன ஒரு தொழிலாளியே சொல்கிறார், மெஷின் வந்தால் என் கழுத்து தப்பிக்கும் என்று, எனச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் அடங்கவே இல்லை. பின்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அத்தாவைப் பார்த்தார்கள். அந்தக் கழுத்து யாருடையது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டுமா? அவர் தரையைப் பார்த்தபடி நின்றார்.

ஊருக்கு உபகாரம் செய்தாயே, நன்றாக அனுபவி என்று என் வாய் வரை வந்துவிட்டது. அடுத்து எழுந்து பதில் சொல்ல வேண்டியவள் அவள். அதை அடக்கிக்கொண்டு அவள் காதில் அவசரமாகச் சொன்னேன்: அந்தப் பேச்சையே தொடாதே, நம் தாளில் இருப்பதை மட்டும் சொல், மற்ற எல்லாவற்றிலும் நாம்தான் முன்னால் இருக்கிறோம், கப்பு நமக்குத்தான். தலையாட்டினாள். தாளை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனாள்.

அந்தத் தொழிலாளி என் அத்தா என்று ஆரம்பித்தாள். இயந்திரம் வந்தால் அவர் கழுத்துக்கு நல்லதுதான், அதை அவரே சொன்னார் என்று எதிரணிக்கு அள்ளிக் கொடுத்தாள். நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். பிறகு, அதே மூச்சில் அவர் சொன்ன மிச்சத்தையும், கூட நிற்கிறவர்களை அனுப்பிவிட்டு வரும் இயந்திரம் தனக்கு வேண்டாம் என்றதையும், அவர் சொன்ன மாதிரியே சொன்னாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. எதிரணியின் வாதத்தை ஒப்புக்கொண்டதற்காக நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். கப்பு தேவராவுக்குப் போனது. இத்தனை வருஷம் கழித்து நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கூட்டம் கலைந்ததும் அவள் வராந்தாவில் நின்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தாவுடன் வந்தவர்கள் அவர் தோளில் கைபோட்டுச் சாயாக்கடைப் பக்கம் அழைத்துப் போனார்கள். நான் விடவில்லை. உன்னையும் உன் கார்பன் தாளையும் கொண்டுபோய்க் காயலில் போட வேண்டும், நான் சொன்னதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்று திட்டித் தீர்த்துவிட்டேன்.

அவள் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"நாளைக்குக் காலையில அத்தா தலையில மூட்டைய ஏத்தி விடறது அவங்கதானேடீ," என்றாள்.