ஹலீம் நானாவின் மஞ்சள் எழுத்துகள்

வெயில் தாழ்ந்து, விடத்தல்தீவின் கண்டல் மரங்களுக்குள் கடல்நீர் ஓசையில்லாமல் ஏறிவரும் நேரத்தில், தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே பிரேமினிக்கு மறந்துபோகும். யன்னலோரத்து மடிக்கணினிக்குள்ளிருந்து கொழும்புக் குரலும் சென்னைக் குரலும் முசலிக் குரலும் மாறி மாறி வரும். எல்லாம் நீருக்கடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும் அவளுக்கு.

பிரேமினி தமிழ்நாட்டின் மண்டபம் அகதி முகாமில் பிறந்தவள். பதின்மூன்று வயதில் ஊர் திரும்பியபோது, வகுப்பில் 'நாற்காலி' என்று சொல்லிச் சிரிப்பு வாங்கினாள். ஒரே மாதத்தில் 'கதிரை' பழகிவிட்டது. கனவில் மட்டும் இன்னும் நாற்காலிதான்.

இப்போது, மருந்தகங்களுக்கு மென்பொருள் செய்யும் கொழும்பு நிறுவனமொன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். அங்கே பெரிய தலையிடி ஒன்று இருந்தது. சென்னையில் ஓடும் நிரல் கொழும்பில் ஓடாது. நிரல் எழுத ஆளுக்கொரு மென்பொருள் கருவி, ஆளுக்கொரு பதிப்பு.

"மூண்டு மாசத்துக்குள்ள எல்லாரும் ஒரே கருவியில எழுதோணும். அது உங்கட பொறுப்பு, பிரேமினி" என்றார் மேலாளர் ஜெகதீபன்.

அவள் ஒரு கருவியைத் தெரிவுசெய்து அனுப்பினாள். முணுமுணுத்தபடி முப்பது பேர் மாறினார்கள். முசலியில் வீட்டிலிருந்தே நிரல் எழுதும் ஹலீம் மட்டும் அசையவில்லை.

"மாட்டன் தங்கச்சி. இதை விட்டா என்ர கை ஓடாது."

வெள்ளிக்கிழமைவரை தவணை கொடுத்தார் ஜெகதீபன். அதற்கு மேல் ஹலீமுக்குப் பதில் வேறு ஆள் பார்ப்பாராம்.

வியாழக்கிழமை பிரேமினி பேருந்து மாறி முசலிக்குப் போனாள். ஹலீமின் மனைவி றாபியா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். ஹலீம் கொஞ்சம் தயங்கிவிட்டுத் தன் திரையைப் பிரேமினி பக்கம் திருப்பினார். கறுப்புத் திரையில் விரல் உயர மஞ்சள் எழுத்துகள். ஐந்து வரிக்கு மேல் இடமில்லை.

"வலக்கண் சின்னனிலேயே போயிட்டுது, இப்ப மற்றதும் மங்குது. கந்தோருக்குத் தெரிஞ்சா வேலை போயிடுமெண்டு சொல்லேல்ல."

திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு அவர் எழுத ஆரம்பித்தார். இருட்டில் ஒவ்வொன்றாக மஞ்சள் பூத்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு தான் தெரிவுசெய்த கருவியில் அதே அளவுக்கு எழுத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். பாதி வரிகள் வெட்டுப்பட்டுக் காணாமல் போயின.

"நான்தான் பிழை விட்டனான், நானா. எதில எழுதினாலும், எழுதினதை ஒரே இடத்தில, ஒரே மாதிரிப் பரிசோதிச்சாப் போதும்."

"உங்களைப் பற்றி ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்" என்றும் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெள்ளி காலை அவள் இந்த யோசனையைச் சொன்னதும் ஜெகதீபன் கோபப்பட்டார். "அப்ப இவ்வளவு நாள் பட்ட பாடு வீண்தானே?"

"ரெண்டு கிழமை தாங்கோ. பழைய பிழை ஒருக்கா வந்தாலும் நான் இந்தப் பொறுப்பை விடுறன்."

யார் எதில் எழுதினாலும் ஒரே பரிசோதனைக்குள்ளால் போய் வரும்படி பிரேமினி ஒழுங்கு செய்தாள். பதிப்புகளும் அங்கே எல்லோருக்கும் ஒன்றுதான். இரண்டு கிழமை கழிந்தது. சென்னையில் ஓடியது கொழும்பிலும் ஓடியது. ஜெகதீபன், "சரி, இப்படியே இருக்கட்டும்" என்றார்.

அடுத்த கூட்டத்தில், யாரும் கேட்காமலே, ஹலீம் தன் திரையை எல்லோருக்கும் காட்டித் தன் கண்ணைப் பற்றிச் சொன்னார். பிறகு சென்னையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"சார், எனக்கும் சாயங்காலமானா கண்ணு எரியுது. இந்த செட்டிங்க எனக்கு அனுப்புறீங்களா?"

"இப்பவே அனுப்புறன், மகள்" என்றார் ஹலீம்.