அப்பாவின் ஜெபத்தை நான் சொன்ன நாள்

கொட்டகலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரர் வீடுகள் மூன்றுதான். மற்றவர்கள் எல்லோரும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலோ, பிரஜாவுரிமைக் காகிதம் வராமல் இழுத்தடித்தாலோ, அவர்களில் சிலர் வரிசை அறைகளான லயத்தில் எங்கள் காம்பரா வாசலில் வந்து நிற்பார்கள். "ஜெபக்காரண்ணே, நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்பார்கள். அப்பாவுக்கு ஒரு வார்த்தையில் முடிக்கத் தெரியாது. போனால் அரைமணி நேரம் ஆகும்.

அப்பாவுக்கு வேலை ஸ்டோரில். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை வாடப்போடுவது அவர் வேலை. அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரிடமும் பேச முடியாது. பகலெல்லாம் சேர்த்து வைத்திருந்த பேச்சைத்தான் சாயங்காலம் ஆண்டவரிடம் கொட்டுகிறார் என்று அம்மா சொல்வாள். போதகர் ஐயா ஹட்டனிலிருந்து மாதம் ஒரு தடவை பஸ்ஸில் வருவார். மற்ற நாட்களில் நோயா, சாவா, புது காம்பராவுக்குக் குடிபோவதா, எல்லாவற்றுக்கும் அப்பாதான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினாறு. முந்தின வருஷம்தான் தோட்டத்து வேலையாளாக அவள் பெயர் பதிந்து, அம்மாவோடு கொழுந்தெடுக்கப் போக ஆரம்பித்திருந்தாள்.

விளக்கு ஏற்றியதும் வீட்டு ஜெபம். நான்கு பேரும் படங்குச் சாக்கை விரித்து முழங்கால் போடுவோம். அப்பா உடனே ஆரம்பிக்க மாட்டார். கண்ணை மூடி, "ஆவியானவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியாது. நீரே என் நாவில் இருந்து பேசும்" என்று தணிந்த குரலில் கேட்பார். பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். அந்தக் கொஞ்ச நேரத்தில் யாரோ வந்து சேர்கிறார்கள் என்று நான் நம்பினேன். சொல்லி அனுப்பினால் மருந்துப் பெட்டியோடு லயத்துக்கு வரும் டாக்டர் ஐயா மாதிரி. ஒரு கண்ணை மட்டும் திறந்து வாசலைப் பார்ப்பேன். கதவு அசையாது. ஆனால் அப்பாவின் குரல் மாறிவிடும். வீட்டில் "உப்பக் கொண்டா" என்று சொல்கிற அதே வாயிலிருந்து பெரிய பெரிய வார்த்தைகள் புறப்படும்.

அந்த ஜெபம் எனக்கு முழுக்கப் பாடம். பசியோடு கேட்கிறவளுக்கு எதுவும் சீக்கிரம் பாடமாகிவிடும். முதலில் நன்றி. "இந்த நாளின் காலை தொடங்கி இந்த நேரம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் ஒரு சேதமும் வராமல் கண்மணி போலக் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்." அதற்குப் பிறகு அடுப்பில் இருக்கும் ஆகாரம். பிறகு தோட்டத்துத் துரை, துரைசானி, கிளாக்கர் ஐயா, கங்காணி. பிறகு நோயாளிகள், சீமை மகாராணி, காகிதம் வராதவர்கள். ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று போவது மாதிரி ஒன்றும் தவறாது. ஜெபத்தில் துரை வந்ததும் அக்கா என் முழங்கையில் மெதுவாகக் கிள்ளுவாள். பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவள் மட்டும் கை கூப்பிய மாதா மாதிரி இருப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது நான் அப்பாவிடம் கேட்டுவிட்டேன். "ஏப்பா, ஆவியானவரு தெனமும் ஒன்னையேதான சொல்றாரு?"

அக்காவுக்குப் புரையேறிவிட்டது. அம்மா அகப்பையை ஓங்கினாள். அப்பா கோபப்படவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தார்.

"நமக்கு வேண்டியதும் தெனமும் ஒன்னுதான பாப்பா" என்றார்.

அது ஐப்பசி மாதம். காலையில் வெயில் கண்ணைக் கூசும், மத்தியானத்துக்கு மேல் இடிக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டு நான் லயத்துக்கு வந்து சேர்ந்த நேரம் மேல்மலைப் பக்கம் வானம் கறுத்திருந்தது. மழை இன்னும் விழவில்லை. ஒரே ஒரு இடி. அது வழக்கமான இடி மாதிரி உருண்டு போகவில்லை. பலகையை உடைத்தது மாதிரி கேட்டது. லயத்துக் கோழிகள் எல்லாம் ஒரே நேரத்தில் காம்பராக்களுக்குள் ஓடின.

கொஞ்ச நேரத்தில் பெண்கள் கூடையும் கொழுந்துமாக மலையிலிருந்து ஓடிவந்தார்கள். யாரும் அழவில்லை. யாரும் என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவும் இல்லை. என்னைப் பார்த்தவர்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அதுதான் எனக்கு முதலில் விளங்காமல் இருந்தது. பிறகு நான்கு ஆண்கள் ஒரு கம்பளியின் நாலு முனையையும் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் இறங்கினார்கள். கம்பளியில் அக்கா இருந்தாள்.

சவுக்கு மரத்தடியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். முகத்தில் ஒரு கீறல் கூட இல்லை. ஒரு பக்கத்துத் தலைமயிர் மட்டும் பொசுங்கிச் சுருண்டிருந்தது. விரல் நுனிகளில் கொழுந்தின் கறை அப்படியே இருந்தது. நான் பக்கத்தில் போய், "எந்திரிக்கா" என்றேன். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அம்மா நாலு தேயிலை நிரை தள்ளி நின்றிருக்கிறாள். "இந்தப் பக்கம் வாடின்னு கூப்பிட்டேன்" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கேட்டால் பார்ப்பாள். தேத்தண்ணீர் கொடுத்தால் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். அப்பா ஸ்டோரிலிருந்து ஓடிவந்து, அக்காவின் கால்மாட்டில் உட்கார்ந்து, பாதத்தில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். அப்பா ஜெபம் பண்ணப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். நானும் காத்திருந்தேன்.

ஹட்டனுக்கு ஆள் போனது. போதகர் ஐயா கண்டிக்குப் போயிருக்கிறார், வர மூன்று நாளாகும் என்று செய்தி வந்தது. மறுநாள் பின்னேரம் அடக்கம் செய்வதென்று முடிவானது. "ஜெபத்துக்கு என்ன, ஜெபக்காரரே இருக்காரே" என்று கங்காணி சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார்.

ஸ்டோர் ஆசாரி தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி செய்து கொண்டுவந்தார். லயத்து ஆட்கள் எல்லோரும் வந்தார்கள். தப்பு அடிக்கிறவர்கள் பாதை முடக்கு வரைக்கும் கூட வந்து, நாங்கள் வேதக்காரர் என்பதால் அங்கேயே நின்றுகொண்டார்கள். அடுத்த லயத்து அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். அம்மாவை இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தேயிலைக்கும் ஓடைக்கும் நடுவில் சரிவான ஒரு துண்டு நிலம்தான் எங்கள் மயானம். மழை தூறிக்கொண்டிருந்தது. குழியில் ஒரு சாண் தண்ணீர் ஊறி நின்றது. அதில் அக்காவை வைக்கப்போகிறார்கள் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவளுக்குக் கால் நனைந்தாலே சளி பிடிக்கும்.

பெட்டியை இறக்கினார்கள். மம்பட்டிக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள். ஆண்கள் தலைத்துணியை எடுத்தார்கள். எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள்.

அப்பா கண்ணை மூடினார். உதடு அசைந்தது. வழக்கமாகக் காத்திருப்பது போலக் காத்திருந்தார். வழக்கத்தைவிட ரொம்ப நேரம். பிறகு வாயைத் திறந்தார்.

வார்த்தை வரவில்லை. ஒரு சத்தம் வந்தது. பாரம் ஏற்றிய மாடு மேட்டில் கால் வைக்க முடியாமல் நிற்கும்போது அதன் நெஞ்சுக்குள்ளிருந்து ஒன்று வரும், அந்த மாதிரி. நிறுத்தினார். திரும்பவும் வாயைத் திறந்தார். திரும்பவும் அதே சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை பேர் முன்னால் அப்பாவுக்கு ஜெபம் மறந்துவிட்டது. ஆவியானவரைக் கூப்பிட்டார், அவர் வரவில்லை. அது ஊருக்கே தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாட்டை மறந்து நிற்கிற பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை எடுத்துக்கொடுப்பதில்லையா? எனக்குத்தான் முழுக்கத் தெரியுமே. நான் கையைக் கூப்பி, அப்பாவின் குரலிலேயே கணீரென்று ஆரம்பித்தேன்.

"பரலோகத்தில் இருக்கிற எங்கள் நல்ல தகப்பனே, இந்த நாளின் காலை தொடங்கி இந்த நேரம் மட்டும் எங்களில் ஒருவருக்கும் ஒரு சேதமும் வராமல் கண்மணி போலக் காத்தீரே, உமக்கு ஸ்தோத்திரம்."

அத்தையின் கை என் வாயைத் தேடி வந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். கங்காணி தரையைப் பார்த்தார். ஒரு பெண், "ஐயோ, சாமி" என்று முணுமுணுத்தாள். அப்பா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் சொல்லில் கொண்டுவர முடியாது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். ஆனால் நடுவில் நிறுத்தினால் இன்னும் கேவலம் என்று தோன்றியது. வேகமாகச் சொன்னேன். அடுப்பில் உள்ள ஆகாரத்துக்கு நன்றி சொன்னேன். தோட்டத்துத் துரையவர்களையும் துரைசானி அம்மாவையும் ஆசீர்வதிக்கச் சொன்னேன்.

அங்கே என் முழங்கை தானாக ஒடுங்கியது. கிள்ளு விழவில்லை.

அக்கா இல்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது. கம்பளியில் பார்த்தபோது தெரியவில்லை. பெட்டியில் பார்த்தபோதும் தெரியவில்லை. கிளாக்கர் ஐயாவுக்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. நான் வாயைத் திறந்தபடி நின்றேன். மழைத்தண்ணீர் வாய்க்குள் போனது.

அப்பா குழி ஓரத்துச் சேற்றில் முழங்கால் போட்டார். என்னை இழுத்துத் தன் விலாவோடு சேர்த்துக்கொண்டார். திரும்பவும் அந்தச் சத்தம் அவருக்குள்ளிருந்து வந்தது. இந்தத் தடவை அவர் அதை நிறுத்தப் பார்க்கவில்லை. என் காதை ஒட்டி அது போய்க்கொண்டே இருந்தது. அதில் துரை இல்லை, மகாராணி இல்லை, ஒரு எழுத்துக் கூட இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, மூச்சாகி, நின்றது.

"ஆமென்" என்றாள் அம்மா.

முந்தின நாள் அந்த ஒரு தடவைக்குப் பிறகு அவள் பேசிய முதல் சொல் அது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தாள். அதன் பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள்.

அன்றைக்கும் அதற்கடுத்த நாட்களிலும் எங்கள் வீட்டில் சத்தமாக ஜெபம் நடக்கவில்லை. விளக்கேற்றியதும் அப்பா படங்கை விரிப்பார். மூன்று பேரும் முழங்கால் போடுவோம். அவர் கண்ணை மூடிச் சும்மா இருப்பார். பிறகு எழுந்து சாப்பிடுவோம். நான் கேட்ட கேள்வியால்தான் ஆவியானவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்று எனக்குப் பயம். தினமும் ஒன்றையே சொல்கிறார் என்று குறை சொன்னேன். இப்போது அவர் எதையுமே சொல்லாமல் இருந்துவிட்டார். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

நாலாம் நாள் போதகர் ஐயா வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த மனிதர். பஸ்ஸிலிருந்து இறங்கிக் குடையோடு மேடு ஏறி வந்ததில் அவருக்கு மூச்சு இரைத்தது. அப்பா ஸ்டோருக்குப் போயிருந்தார். அம்மா அடுப்படியில் இருந்தாள். அவர் மூலையிலிருந்த தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து, என் தலையைத் தடவினார். பிறகு ஒரு கொப்பியைத் திறந்தார். சபைப் பதிவேட்டில் எழுத வேண்டும் போலிருக்கிறது.

"அடக்கத்துக்கு நான் இல்லாமல் போயிட்டன். ஆர் ஜெபம் பண்ணினது, பிள்ளை?" என்று கேட்டார்.

அவரிடம் பொய் சொல்லக்கூடாது என்பது தெரியும்.

"யாரும் பண்ணலீங்கய்யா" என்றேன். "அப்பாவுக்கு ஒன்னும் வரல. நான்தான் பாதி சொன்னேன். அதுவும் தப்பாப் போச்சு."

போதகர் ஐயாவின் பேனா அப்படியே நின்றது. அம்மா அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவரை நேராகப் பார்த்துச் சொன்னாள்.

"அவரு பண்ணினாருங்கய்யா. நான் கேட்டேன்."

"என்ன சொல்லி ஜெபிச்சவர்?"

"அது எனக்குச் சொல்லத் தெரியாதுங்க. அந்த ஜெபம் போய்ச் சேர்ந்துருச்சு. அது மட்டும் எனக்குத் தெரியும்."

போதகர் ஐயா குனிந்து எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். அப்பாவின் பெயரைத்தான் எழுதியிருந்தார்.

குழி ஓரத்தில் அம்மாவும்தான் நின்றாள்; என்னைப் போலவே எல்லாவற்றையும் பார்த்தாள், கேட்டாள். ஜெபமே இல்லாத இடத்தில் ஆமென் சொன்னதும் அவள்தான். இப்போது அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற, கொஞ்சமும் கூசாமல், அதுவும் போதகரிடமே சொல்கிறாள். அம்மா வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பொய் அதுதான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.