சாரத்தில் தொங்கிய சட்டை

ஐம்பதுகளில் ராயபுரத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தோம். என் கணவர் வைக்கோல் அடைத்துத் திருஷ்டி பொம்மை செய்து, துறைமுக வேலைக்குப் போட்டுப்போன பழைய காக்கிச் சட்டையை அதற்கு மாட்டிச் சாரத்தின் உச்சியில் கட்டினார்.

கட்டி முடியும்வரை இன்சூரன்ஸ் நெருப்புக்கா, புயலுக்கா என்று ஏஜெண்டு கேட்டார். இரண்டுக்கும் எங்களுக்கு வசதியில்லை. இவர் கடலைப் பார்த்துப் புயல் என்றார். பக்கத்திலேயே மரக்கட்டைகள் அடுக்கிய மரவாடி, நெருப்புக்குத்தான் என்று நான் விடவில்லை.

"அப்ப அந்த வைக்கோல் பொம்மைய எறக்கணும்மா" என்றார் ஏஜெண்டு.

"எறக்கினா வூட்டுக்குக் கண்ணு பட்டுடும். அதுக்கு பாலிசி கீதா உங்கையில?" என்று இவர் எகிறினார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வைக்கோல உருவிட்டு சட்டைய மட்டும் தொங்கவுடுய்யா. கண்ணு வெக்கிறவனுக்கு உள்ள இன்னா கீதுன்னு தெரியவா போவுது?"

அப்படியே செய்தார். ஆளில்லாத சட்டை கடல்காற்றில் கைவீசுவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தேன்.

மாடியை நெருப்பும் தொடவில்லை, புயலும் தொடவில்லை. அவர்தான் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தச் சட்டையை அவ்வப்போது துவைத்து மாடிக் கொடியில் போடுகிறேன். காய்ந்த பிறகும் எடுக்க மனம் வருவதில்லை. கை இன்னும் அசைந்துகொண்டிருக்கிறதே.